ஆறு மணித்தியாலக் கீரிமலை

பெறுநர்: உல்லாசக் கப்பலில் வருவோரைக் கரையிறக்கவும், பொழுதுபட முன்னம் தலை எண்ணித் திரும்ப ஏற்றவும் அதிகாரம் பெற்ற அலுவலகத்தின் பணிப்பாளர் அவர்கள்.

அனுப்புநர்: கீரிமலைக் கேணிக்கு அருகில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர்.

விடயம்: காங்கேசன்துறையில் கப்பல் நிற்கும் நேரத்தை வீணாக்காமல் பார்ப்பது.

மதிப்புக்குரிய ஐயா,

முப்பத்தைந்து வருசம் மற்றவர்கள் எழுதிய கடிதங்களுக்கு முத்திரை குத்திச் சீவித்தவன் நான். ஒரு நல்ல மனு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். முதலில் வணக்கம், அடுத்துப் புகழ்ச்சி, அதற்குப் பிறகு கோரிக்கை, கடைசியில் பதில் வராது என்ற நிம்மதி. நாலையும் ஒழுங்காகச் செய்கிறேன். வணக்கம்.

புகழ்ச்சிக்கு வருகிறேன். 2023 யூன் 16 அன்று சென்னைக் கப்பல் எம்பிரஸ் காங்கேசன்துறைக்கு வந்தது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று அதற்குப் பயணப் பட்டியல். புதிய பயணிகள் முனையமும் அன்றைக்கே திறந்தாயிற்று. கேணிக்கட்டில் நின்று கிழக்கே பார்த்த பக்கத்து வீட்டுப் பெடியன், "அப்பு, கொழும்பு கடலாலை வந்திட்டுது" என்றான். நானும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வடிவான கப்பல்தான்.

அந்தக் கப்பலின் பூர்வீகத்தைப் பிறகு தேடி வாசித்தேன். தபால்காரப் புத்தி, எது எங்கிருந்து வருகிறது என்று முத்திரையைப் பார்க்காமல் விடாது. பிரான்சின் சென் நசேரில் கட்டி, 1990 நடுப்பகுதியில் 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயரோடு முதல் பயணத்துக்குக் கடலில் இறங்கியிருக்கிறது. பெயர் சூட்டியவர் பாடகி குளோரியா எஸ்தபான். மயாமியிலிருந்து பஹாமாஸ் பக்கம் மூன்று இரவு, நாலு இரவு என்று சனத்தை ஏற்றி இறக்கியது. பெயர் மாறியது, கை மாறியது, ஸ்பானியாக்காரரிடம் போய்த் திரும்ப வந்தது. 2017இல் கியூபாவின் ஹவானாவுக்கும் போனது. கரிபியன் கடலில் உழைத்துக் களைத்த பிறகுதான் இந்தியாவுக்கு விலைப்பட்டு எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது.

அதே 1990 நடுப்பகுதியில்தான் நாங்கள் யுத்தம் துரத்தக் கீரிமலையிலிருந்து கடலில் அல்ல, றோட்டில் இறங்கினோம். சைக்கிள் கரியரில் அரிசி மூட்டை, மடியில் காணி உறுதி. அது பஹாமாஸ் கண்டபோது நாங்கள் அளவெட்டி கண்டோம். அது ஹவானா கண்ட 2017இல், யூலை 3 அன்று, மயிலிட்டித் துறைமுகம் இருபத்தேழு வருசத்துக்குப் பிறகு அந்த ஊர் ஆக்களின் கைக்கு வந்தது. காங்கேசன்துறைக்கு அந்தக் கப்பல் வந்து சேர முப்பத்து மூன்று வருசம் பிடித்திருக்கிறது. உலகம் முழுக்கச் சுற்றி வந்தும் எங்களில் சில பேருக்கு முன்னமே வந்து சேர்ந்துவிட்டது. அதற்காகத்தான் உங்களைப் புகழ்கிறேன்.

இனி, துறைமுகத்தில் இறங்கி ஊர் பார்ப்பது பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். நானும் ஒருக்கால் கரிபியன் போய் வந்தவன்தான். ஸ்காபரோவில் இருக்கும் என் மகள், "அப்பா, நீங்கள் பனிக்குள்ளை அடைபட்டுக் கிடக்காமல் வாங்கோ" என்று என்னையும் மனுசியையும் ஒரு பெரிய கப்பலில் ஏற்றினாள். எந்தக் கொம்பனி என்பது உங்களுக்கு வேண்டாம். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைதான். கழுத்தில் ஓர் அட்டை. இறங்கும்போது அது ஒருக்கால் கீச்சிடும், ஏறும்போது ஒருக்கால் கீச்சிடும். நடுவில் கிடைப்பது ஆறேழு மணித்தியாலம். அதற்குள் ஒரு தேசம்.

யமேக்காவில் ஒச்சோ றியோஸ் என்றொரு துறைமுகம். இறங்கின உடனே வைரக்கடை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வைரக்கடை. முதல் நாள் வேறொரு தீவில் பார்த்த அதே வைரக்கடை எங்களுக்கு முன்னம் நீந்தி வந்து கதவைத் திறந்து வைத்திருந்தது. கடைகளைத் தாண்டினால் பஸ். பஸ் போய் நின்ற இடம் டன்ஸ் றிவர் நீர்வீழ்ச்சி. மலையிலிருந்து பாறைப் படிகளில் இறங்கி வரும் நல்ல தண்ணி நேரே கடலில் விழுகிறது. கையோடு கை கோத்துச் சங்கிலியாக ஏறச் சொன்னார்கள். முன்னால் ஒரு ஜேர்மன்காரி, பின்னால் மருமகன், நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிய நான். பாதி ஏறினதும் மகளிடம் கேட்டேன்:

"பிள்ளை, நல்ல தண்ணி கடலிலை சேருறதைப் பாக்கவோ இவ்வளவு காசு குடுத்து வந்தனாங்கள்? எங்கடை கேணியிலை இதைச் சும்மா பாத்தனாங்களல்லோ."

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, சங்கிலியை விட்டிடாதேங்கோ" என்றாள்.

திரும்பி வந்து மேல்தட்டில் நின்றபோதுதான் அந்தத் தொழிலின் உயிர்நாடி விளங்கியது. கப்பல் புறப்படப் போகிறது. சங்கு ஊதியாயிற்று. கீழே இறங்குதுறையில் ஒரு புருசனும் பெண்சாதியும் பைகளோடு ஓடி வருகிறார்கள். மேலே நிற்கும் சனம் கைதட்டிக் கூவுகிறது. மருமகன் விளக்கம் சொன்னார்: கப்பலிலேயே காசு கட்டிப் போன பஸ் பிந்தினால் கப்பல் காத்து நிற்குமாம். தன்பாட்டில் ஊர் பார்க்கப் போனவன் பிந்தினால் நிற்காதாம். ஆகவே எல்லாரும் கப்பல் பஸ்ஸையே பிடிக்கிறார்கள். அவர்கள் விற்பது இயற்கைக் காட்சியை அல்ல ஐயா, பயத்தை. அதற்கு முதல் போடத் தேவையில்லை.

இந்த ஓட்டத்தை அப்படியே காங்கேசன்துறைக்குக் கொண்டு வந்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டேன். துறைமுகத்திலிருந்து யாழ்ப்பாணம் டவுன் பதினெட்டுக் கிலோமீற்றர். சனத்தை இறக்கி, முத்திரை குத்தி, பஸ்ஸில் ஏற்ற ஒன்றரை மணித்தியாலம். நல்லூரில் ஆண்கள் சேட்டைக் கழற்ற வேண்டும். கழற்றவும் திரும்பப் போடவும், போட்டவர் தன்னுடையதைத்தானா போட்டார் என்று பார்க்கவும் அரை மணி. கோட்டையில் வெயில். 1981இல் எரித்துப் பிறகு திருப்பிக் கட்டிய நூலகத்தின் முன்னால் பத்து நிமிசம். படம் எடுக்கக் காணும், ஏன் எரிந்தது என்று கேட்கக் காணாது. அதுவும் ஒரு வசதிதான், நீங்கள் யோசித்தே செய்திருப்பீர்கள். பிறகு ஒரு ஐஸ்கிறீம், ஒரு பனங்கட்டிக் குட்டான், பஸ்ஸில் நித்திரை.

போகும்போதும் வரும்போதும் அந்த பஸ் எங்களைத் திரும்பியும் பார்க்காது. துறைமுகத்திலிருந்து மூன்று நாலு கிலோமீற்றரில், கடற்கரையோடு மேற்கே, கீரிமலை இருக்கிறது என்பது பயணிக்குத் தெரியவே போவதில்லை.

உங்களைத் திருத்த வந்தவன் அல்ல நான். உலக நடைமுறை எதுவோ அதைப் பின்பற்றச் சொல்லி மன்றாட வந்தவன். கரிபியன் கொம்பனிகள் இந்தப் பிரச்சினையை எப்பவோ தீர்த்துவிட்டன. ஊரும் சனமும் இடைஞ்சல் என்றால் ஊரில்லாத இடத்தை எடு, வேலியைப் போடு. ஹெயிற்றி நாட்டில் லபாடி என்றொரு கடற்கரை. றோயல் கரிபியன் கொம்பனி அதை 1980களிலிருந்து குத்தகைக்கு வைத்திருக்கிறது. சுற்றி வேலி, வாசலில் காவல். வெள்ளை மணலில் படுத்திருந்தவருக்குத் தான் மேற்கு அரைக்கோளத்தின் மிக வறிய நாட்டில் படுத்திருப்பது தெரிய வேண்டியிருக்கவில்லை. 2010 ஜனவரி 12இல் அந்த நாட்டின் தலைநகரை நிலநடுக்கம் நொறுக்கியது. சில நாட்களிலேயே கப்பல் லபாடிக்கு வந்தது, சனம் இறங்கிக் குளித்தது. நிவாரணச் சாமானும் கொண்டு போனார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் சாய்கதிரை, அந்தப் பக்கம் சவப்பெட்டி.

ஐயா, வேலி என்றால் இந்த உலகத்தில் எங்களுக்குப் பாடம் நடத்த ஆள் இல்லை. கிடுகு வேலி, பனையோலை வேலி, மட்டை வேலி, தகர வேலி, முள்ளுக்கம்பி வேலி என்று எல்லா வகையும் பார்த்தவர்கள். பூவரசங் கதியால் ஒன்றை அரை அடி தள்ளி நட்டதற்காக மல்லாகம் கோட்டுக்கு மூன்று தலைமுறை நடந்த குடும்பங்கள் எங்களிடம் உண்டு. அப்பன் தொடங்கிய வழக்கைப் பேரன் சீதனத்தோடு சேர்த்து வாங்குவான். பிறகு வந்தது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு ஒரே வேலி. உள்ளே இருந்த அத்தனை கதியாலும் பட்டுப்போக, அத்தனை வழக்கும் தானாகவே தள்ளுபடியாயிற்று. திரும்பிப் போனபோது என் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் எல்லை எது என்று இருவருக்கும் தெரியவில்லை. சண்டை பிடிக்க ஆசைதான், பிடிக்க இடம் காணோம். இரண்டு பேரும் பற்றைக்குள் நின்று பிளேன்ரீ குடித்தோம்.

ஆகவே லபாடி போல ஒன்று இங்கே வேண்டுமானால் நீங்கள் புதிதாகச் செலவழிக்கத் தேவையில்லை. தேவையான தளபாடம் எல்லாம் இருக்கிறது. காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதி இருக்கிறது. கீரிமலையில் ஒரு ஜனாதிபதி மாளிகை இருக்கிறது. மகிந்த ராஜபக்ச காலத்தில், இடம்பெயர்ந்து போன சனத்தின் காணியில் எழும்பியது. ஒவ்வொரு ஆட்சியிலும் அதை என்ன செய்வது என்று ஒவ்வொரு யோசனை வரும், யோசனை கப்பல் ஏறிப் போய்விடும். நான் அறிய எந்த ஜனாதிபதியும் அங்கே சட்டி வைத்துச் சமைத்துச் சாப்பிட்டதில்லை. அந்த மாளிகைக்குக் கிடைத்த அதிதிகளைவிட எங்கள் ஊர் ஓட்டோத் தரிப்பிடத்துக்குக் கிடைத்த அதிதிகள் அதிகம். அதில் ஒரு வைரக்கடை போடலாம். சாய்கதிரை போடலாம். கடலைப் பார்த்து நல்ல மதில் ஏற்கெனவே உண்டு. பயணி கப்பலில் இருந்து இறங்கி, வேலிக்குள்ளாலேயே நடந்து, குளித்து, வேலிக்குள்ளாலேயே திரும்பலாம். இலங்கை வந்தோம் என்று சொல்லலாம். எங்கள் முகத்தில் முழிக்கத் தேவையில்லை.

இந்த யோசனைக்கு நான் கூலி கேட்கவில்லை.

ஆனால் சில பயணிகள் பிடிவாதக்காரர். வேலிக்கு வெளியே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்காக, கீரிமலைக்கு முதன்முதல் வந்த உல்லாசப் பயணியின் கதையைச் சொல்லி வைக்கிறேன். சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி. அவளுக்குக் குதிரை முகம், தீராத குன்ம வருத்தம். கீரிமலைத் தீர்த்தத்தில் ஆடு என்று ஒரு முனிவர் சொல்ல, கடல் கடந்து வந்தாள். இங்கே ஏற்கெனவே கீரி முகத்தோடு வந்து சுகப்பட்ட நகுல முனிவர் ஒருவர் உண்டு. ஊரின் பெயரே அவரால்தான். இளவரசி பாளையம் அடித்துத் தங்கினாள், தினமும் தீர்த்தமாடினாள், முகம் மாறியது. மா, அதாவது குதிரை, விட்ட இடம் மாவிட்டபுரம் ஆயிற்று. அங்கே கோயில் கட்டினாள். அந்தக் கோயிலுக்கு வந்த காங்கேயன் விக்கிரகம் இறங்கிய துறைதான் காங்கேசன்துறை. உங்கள் முனையத்தின் பெயர்ப்பலகையில் நிற்கும் பெயர் ஒரு பயணி அவசரப்படாமல் தங்கியதால் வந்த பெயர் ஐயா.

அவளை உங்கள் அட்டவணையில் போட்டுப் பாருங்கள். ஒன்பது மணிக்கு இறக்கி மூன்று மணிக்கு ஏற்றியிருந்தால், காது இரண்டும் மட்டும் மனுசக் காதாகிப் போயிருக்கும். மிச்சக் குதிரை அப்படியே சோழநாடு திரும்பியிருக்கும். நாங்களும் 'மாக்காதுபுரம்' என்று ஒரு ஊரோடு திருப்திப்பட்டிருப்போம்.

கேணியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பயணக் கையேட்டில் 'மூலிகைக் குளம்' என்றோ 'அதிசயச் சுனை' என்றோ அச்சடித்து வைப்பீர்கள். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல். வருசம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. பெய்கிற மழை கல்லின் வெடிப்புகளால் இறங்கி, நிலத்துக்குள்ளே ஓடி, கடலை நோக்கிப் போகிறது. கீரிமலையில் அது கடலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வெளியே தலை காட்டுகிறது. கட்டுக்கு அந்தப் பக்கம் உப்புத் தண்ணி அடிக்கும், இந்தப் பக்கம் நல்ல தண்ணி. ஆண்களின் கேணி திறந்தபடி கடலைப் பார்த்திருக்கும். பெண்களின் கேணிக்கு நாலு பக்கமும் சுவர். இதே சுண்ணாம்புக் கல்லைத்தான் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990 மட்டும் தோண்டிக்கொண்டிருந்தது. அந்தக் கிடங்குகளும் பார்க்க வேண்டியவைதான், ஆனால் அங்கே சாய்கதிரை போட முடியாது.

அருகில் நகுலேஸ்வரம். பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்று. போர்த்துக்கேயர் இடித்தார்கள். 1990இல் வானத்திலிருந்து குண்டு விழுந்தது. 2012 ஜனவரியில் கும்பாபிஷேகம் நடந்தது. மூன்று வசனத்தில் நானூறு வருசம். உங்கள் வழிகாட்டி இன்னும் சுருக்கமாகச் சொல்வார் என்று நம்புகிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். மனுசி பின்னால் நின்று வாசித்துவிட்டுக் கேட்டா: "கப்பல்காரரைச் சொல்லுறியள். எங்கடை பிள்ளையள் என்ன செய்யுதுகள்?"

நியாயமான கேள்வி. கனடா, லண்டன், பாரிஸ் பிள்ளைகளுக்கு இரண்டு கிழமை லீவு. தாயோ தகப்பனோ செத்த செய்தி கேட்டுக் கட்டுநாயக்காவில் இறங்கி, இரவிரவாக வான் பிடித்து வந்து, கீரிமலைக் கடலில் அஸ்தி கரைத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைப் பதினோராம் நாளுக்கு இழுத்துச் செய்விக்க ஐயரோடு பேரம் பேசி, நல்லூரில் ஒரு அருச்சனை, காணிக்காரரோடு ஒரு சண்டை, கொழும்பில் ஒரு நகைக்கடை. பிளேன் ஏறும்போது கழுத்தில் அட்டை இல்லையே தவிர மற்றதெல்லாம் அதேதான். என் மகளும் போன தடவை கேணியில் கால் நனைத்தபடி கைபேசியில் நேரம் பார்த்தாள். "அப்பா, வான்காரன் நிக்கிறான்." நான் ஒன்றும் சொல்லவில்லை. யமேக்காவில் சங்கிலியை விடாதே என்று சொன்னவள் அவள்.

எனவே கோரிக்கையைச் சின்னதாக வைத்துக்கொள்கிறேன். பஸ்களில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, யாழ்ப்பாணத்துக்கு விடாதீர்கள். அந்த முப்பது நாற்பது பேரையும் எங்கள் ஊர் ஓட்டோக்களில் ஏற்றி விடுங்கள். நடக்கக்கூடியவர் நடக்கட்டும், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்காது. கேணியில் இரண்டு மணித்தியாலம் கிடக்கட்டும். வெளியே வந்தால் வடையும் தேத்தண்ணியும் உண்டு, ஆடி மாதம் என்றால் கூழும் உண்டு. சாப்பாட்டுக்கு எங்கள் வீடுகளில் சொல்லி வைத்தால் சமைப்பார்கள். மீன் காலையில் வந்ததாக இருக்கும். குளித்துத் தின்ற மனுசன் நித்திரை கொள்ளட்டும், பூவரசு நிழல் இருக்கிறது. எழும்பிக் கதை கேட்டால் சொல்ல நாங்கள் இருக்கிறோம். கேட்காவிட்டாலும் குறையில்லை. ஓட்டோக்காரருக்குக் கப்பல் சங்கின் அருத்தம் தெரியும், பிந்த விடமாட்டார்கள். பிந்தினாலும், எங்கள் ஊரில் வந்தவரை ஓடவிட்டுக் கைதட்டிப் பார்க்கும் வழக்கம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. எந்த மாதத்தில் கப்பல் விடுவது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் ஒரு கடற்றொழிலாளியையும் கதிரை போட்டு இருத்துங்கள். 2023 ஒக்டோபர் 14 அன்று நாகபட்டினத்திலிருந்து செரியாபாணி என்ற படகு காங்கேசன்துறைக்கு வரத் தொடங்கியது. இந்தியப் பிரதமர் காணொளியில் கொடியசைத்தார். நவராத்திரிக்கு முதல் நாள் தொடங்கிய சேவை, விசயதசமி காண முன்னம், 20ஆம் திகதியோடு நின்றது. காரணம் பருவமழையாம். ஐப்பசியில் வாடை பெயரும் என்று மயிலிட்டியில் மூக்கு ஒழுகும் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். இரண்டு அரசாங்கங்களில் ஒருவருக்கும் அந்தப் பிள்ளையின் தொலைபேசி இலக்கம் தெரியாமல் போயிற்று. அடுத்த வருசம் ஓகஸ்ட் 16இல் சிவகங்கை என்ற படகு வந்து சேவை திரும்பத் தொடங்கியதை நன்றியோடு சொல்கிறேன். சோழகம் அடங்கும் பக்கத்தில் தொடங்கியிருக்கிறார்கள், யாரோ யாரையோ கேட்டிருக்கிறார்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. பழைய நிறைப்படி பார்த்தால் மேலதிக முத்திரை ஒட்ட வேண்டும், ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கேணியடிவாசி.

பி.கு.: ஆடி அமாவாசை அன்று தயவுசெய்து கப்பல் விட வேண்டாம். தகப்பனை இழந்த பிள்ளைகள் குடாநாடு முழுக்க இருந்து அன்றைக்குத் தீர்த்தமாட வருவார்கள். கேணியில் கால் வைக்க இடம் இராது.